உதுமான் பாயின் நெகட்டிவ் டப்பாக்கள்

போர்ட் பிளேர் அபர்தீன் பஜாரில், மணிக்கூண்டிலிருந்து கீழே இறங்கும் சரிவில், ஒரு செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் இடையில் ஒடுங்கிக்கொண்டு நின்றது ஹிலால் ஸ்டூடியோ. முதலாளி, படம் பிடிப்பவர், படம் கழுவுபவர், காலையில் தண்ணீர் தெளித்துப் பெருக்குபவர் எல்லாம் உதுமான் ஒருவரே. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய வாப்பா கப்பலேறி வந்தது ஐம்பதுகளில். உதுமான் பிறந்தது, படித்தது, நிக்காஹ் முடித்தது எல்லாம் தீவில்தான். மெயின்லேண்டுக்கு நான்கு தடவை போயிருக்கிறார். நான்கு தடவையும் கப்பலில் வாந்தி எடுத்திருக்கிறார். அதனால் தீவில் பிறந்திருந்தும் பக்கத்துத் தீவு ஒன்றைக்கூட அவர் சரியாகப் பார்த்ததில்லை.

அவர் எடுத்த படங்களில் பத்துக்கு ஒன்பது பாஸ்போர்ட் சைஸ். தீவுவாசி அட்டைக்கு, ரேஷன் அட்டைக்கு, பள்ளிக்கூட விண்ணப்பத்துக்கு. "தாடையத் தூக்குங்க. அவ்வளவு வேணாம். சிரிக்காதீங்க, சர்க்கார் ஆபீசுக்குப் போற படம்" என்பார். அது முடிந்து, வந்தவர்கள் ஆசைப்பட்டால், பின்னால் தொங்கும் திரையை இறக்கிவிடுவார். அதில் பனிமலை ஒன்று இருக்கும். வரைந்தவர் பனியைப் பார்த்திராதவர் என்பது பார்த்ததும் தெரியும். ஆனால் கார் நிக்கோபாரிலிருந்தும் கச்சாலிலிருந்தும் வருகிறவர்களுக்கு அந்த மலை மேல் தனிப் பிரியம்.

படம் கழுவி எடுக்க இரண்டு மூன்று நாள் ஆகும். தெற்குத் தீவுக்காரர்கள் அதுவரை காத்திருக்க முடியாது, கப்பல் போய்விடும். அதனால் உதுமான் ஒரு நீளமான நோட்டில் பெயர், ஊர், படத்தை யார் கையில் கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் எழுதிவைப்பார். நெகட்டிவை எண் போட்டு, பிஸ்கட் தகர டப்பாவில் அடுக்கி, வீட்டுப் பரணில் ஏற்றுவார். இப்படி நாற்பத்து மூன்று டப்பாக்கள் சேர்ந்துவிட்டன.

"அதுல ஒரு கிலோ அரிசி போட்டு வைக்கலாம். ஊர்ல உள்ளவன் மூஞ்சியெல்லாம் என் தலைக்கு மேல எதுக்கு?" என்பாள் அவர் மனைவி ரஷீதா.

"காப்பி வேணும்னு திரும்பி வருவாங்க" என்பார் அவர்.

யாரும் வந்ததில்லை.

2004 டிசம்பர் இருபத்தாறு, ஞாயிற்றுக்கிழமை காலை பூமி ஆடியது. உதுமானின் வீடு மேட்டில் இருந்ததால் கடல் அங்கே ஏறவில்லை. சுவரில் ஒரு விரிசல், உடைந்த கண்ணாடி டம்ளர்கள், பரணிலிருந்து உருண்டு விழுந்து வாய் திறந்து கிடந்த டப்பாக்கள், இவ்வளவுதான் அவர்களுக்கு நஷ்டம். நெகட்டிவ்கள் கூடம் முழுக்கச் சிதறிக் கிடந்தன. இருவரும் அள்ளி, எண் பார்க்காமல், கைக்கு வந்த டப்பாவில் போட்டு மூடினார்கள். அடுத்த சில நாட்களில் தெற்கிலிருந்து கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு ஹாடோ துறைமுகத்துக்கு வந்தன. நிக்கோபாரிகள், தெற்குத் தீவில் குடியமர்த்தப்பட்ட பழைய ராணுவக்காரர்களின் குடும்பங்கள், கச்சால் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். அந்தத் தமிழர்களில் பலர் சிலோன் மலைத்தோட்டங்களிலிருந்து ஒரு தடவை பெயர்க்கப்பட்டு, கச்சாலில் ஊன்றப்பட்டவர்கள். இப்போது மறுபடி கையில் ஒன்றுமில்லாமல் வந்து இறங்கினார்கள். நகரத்துப் பள்ளிக்கூடங்கள் முகாம்களாயின.

ஜனவரி பாதியில் ஒரு நாள் சித்ரா என்ற பெண் ஸ்டூடியோ வாசலில் வந்து நின்றாள். மதுரைக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். குழந்தைகளுக்காக வேலை செய்யும் ஒரு வெளிநாட்டு அமைப்பு அவளை இங்கே அனுப்பியிருந்தது. முகாம் மைதானத்தில் அவர்கள் ஒரு பெரிய மஞ்சள் கூடாரம் அடித்திருந்ததால், ஊரில் எல்லாரும் அவர்களை மஞ்சக் கூடாரத்துக்காரர்கள் என்றே சொன்னார்கள்.

"பாய், இந்த ஒரு முகாம்ல மட்டும் அறுபத்து மூணு பிள்ளைங்க, அப்பா அம்மா எங்கேன்னு தெரியாம இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் ஒரு படம் வேணும்" என்றாள்.

"பேக்ரவுண்டு வெள்ளையா நீலமா மேடம்?"

சித்ரா ஒரு கணம் அவரைப் பார்த்தாள். "நீங்க வந்து பாருங்களேன்."

உதுமான் போய்ப் பார்த்தார். கூடாரத்துக்குள் பாய் விரித்திருந்தது. ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு, வரைகிற தாள், பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஒரு அக்கா. பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிற வரைக்கும் காலையில் மூன்று மணி நேரம் பாடம். ஓரத்தில் பெட்டி பெட்டியாகக் கம்பளி ஸ்வெட்டர்கள். எங்கிருந்தோ யாரோ நல்ல மனதோடு அனுப்பிவைத்தவை. அந்தமான் வெயிலில் அவற்றை யார் போடுவது? பையன்கள் இரண்டு ஸ்வெட்டரைச் சுருட்டிப் பந்தாக்கி, நான்கை மண்ணில் குவித்து கோல் கம்பமாக்கி, ஆட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் நாள் வேலை ஓடவில்லை. உதுமான் ஸ்டூல் போட்டு, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, "தாடையத் தூக்கு" என்றார். நான்கு வயதுப் பையன் ஒருவன் அலறத் தொடங்கினான். அவனைப் பார்த்து வரிசையே கலைந்தது.

"பாய், இது சர்க்கார் படம் இல்ல," என்றாள் சித்ரா. "பிள்ளை எப்படி இருக்கோ அப்படி இருந்தாப் போதும். சொந்தக்காரங்க பார்த்தா, இது நம்ம வீட்டுப் பிள்ளைன்னு தெரியணும். அவ்வளவுதான்."

முப்பது வருஷமாக யாரும் அவருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்ததில்லை. முகம் சுருங்கியது. ஆனாலும் மறுநாள் ஸ்டூலைக் கொண்டுபோகவில்லை. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கேமராவை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கேரம் ஆடும்போது ஒரு படம், கயிறு தாண்டும்போது ஒரு படம், சண்டை போடும்போது ஒரு படம். அன்று மட்டும் இருபத்திரண்டு பிள்ளைகள் முடிந்தார்கள். ஒவ்வொரு படமும் ஒரு படிவத்தில் ஒட்டப்பட்டு, மற்ற முகாம்களுக்கும் துறைமுகத்துப் பலகைக்கும் போனது.

கூடாரத்தின் மூலையில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி கலர் பென்சில்களை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டே இருப்பாள். அடுக்கி முடித்ததும் கலைப்பாள். மறுபடி அடுக்குவாள். பெயர் ருக்கு. கச்சால் தோட்டத்தில் பக்கத்து வீட்டில் இருந்த தங்கம்மா என்ற விதவைதான் அவளைக் கையைப் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவள். கப்பலில் பெயர் எழுதியவர் அவசரத்தில் 'தங்கம்மா மகள்' என்றே எழுதிவிட்டார். உண்மையில் ருக்குவின் அப்பா தம்பையாவும் அம்மா பாக்கியமும் அன்று காலை கரையோரம் போனவர்கள், திரும்பவில்லை. படிவம் நிரப்பியவர் இந்தியில் "ரிஷ்தேதார் கோயி ஹை?" என்று கேட்டபோது ருக்கு இல்லையென்று தலையாட்டியிருந்தாள். ரிஷ்தேதார் என்றால் சொந்தக்காரர் என்பது அவளுக்கும் தெரியாது, பக்கத்தில் நின்ற தங்கம்மாவுக்கும் தெரியாது.

மூன்றாம் நாள் அவளாகவே உதுமானிடம் வந்தாள்.

"நீங்க ஐஸ் மலைக் கடை மாமாதானே?"

உதுமான் கேமராவைக் கீழே வைத்தார். "ஆமா. நீ எப்ப வந்தே நம்ம கடைக்கு?"

"எனக்குக் கை முறிஞ்சப்ப. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டியாந்தாங்க. நீங்க எனக்குப் பெப்பர்மிண்ட் குடுத்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, "எங்கம்மா படம் உங்ககிட்ட இருக்குமா?" என்று கேட்டாள்.

அவள் வீட்டில் இருந்த ஒரே படத்தையும் கடல் கொண்டுபோயிருந்தது.

"பார்க்குறேன்" என்றார் உதுமான். கடைக்காரர் வாயில் பார்க்குறேன் என்றால் பெரும்பாலும் இல்லை என்று அர்த்தம். இந்தப் பிள்ளைக்கு அது தெரியாதே என்ற எண்ணம் வழி முழுக்க அவரை அரித்தது.

வீட்டுக்கு வந்ததும் நோட்டைப் புரட்டினார். கை முறிந்தபோது தன்னை இன்னும் பள்ளியில் சேர்க்கவில்லை, மழைக்காலம் என்று ருக்கு சொல்லியிருந்தாள். 2001 ஜூலைப் பக்கத்தில் அவருடைய கையெழுத்திலேயே இருந்தது: பாக்கியம், கச்சால், தீவுவாசி அட்டைக்கு ஆறு, குரூப் ஒன்று. வாங்குபவர், தங்கை வசந்தகுமாரி, கணவர் பொன்னுத்துரை, யானை டிப்போ, பாராடாங்.

எழுத்து கிடைத்துவிட்டது. நெகட்டிவ் எந்த டப்பாவில் என்று யாருக்குத் தெரியும்? பூகம்பம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கலக்கியிருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பிடிக்க ஆரம்பித்தார். ரஷீதா சாப்பாட்டுத் தட்டோடு வந்தாள், விஷயத்தைக் கேட்டாள், தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"எப்படி இருக்கும்னு சொல்லுங்க."

"ரெண்டு பொம்பளைங்க, ஒரு சின்னப் பிள்ளை. பிள்ளை கையில மாவுக்கட்டு."

மூன்று நாள் பகல் முழுக்கத் தேடினார்கள். பதினேழாவது டப்பாவில் ரஷீதாதான் கண்டாள். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகத் தெரியும் அல்லவா? குழந்தையின் கை கரிக்கட்டை மாதிரி இருந்தது. "இந்தாங்க, பாருங்க" என்று நீட்டியவள், தன் முந்தானையால் அதன் மேலிருந்த தூசியைத் துடைத்தாள். அதற்குப் பிறகு அரிசி டப்பா பேச்சை அவள் எடுத்ததே இல்லை.

படத்தைக் கையில் வாங்கிய ருக்கு, அம்மாவின் நெற்றியில் விரலை வைத்தாள். "அம்மா பொட்டு கோணலா இருக்கு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த உருவத்தைத் தொட்டாள். "இது சித்தி."

சித்ரா குனிந்தாள். "சித்தி எங்க இருக்காங்கம்மா?"

"பஸ்ஸு லாரியெல்லாம் கப்பல்ல ஏறுமே, அந்த ஊர்ல."

சித்ரா உதுமானைப் பார்த்தாள். "பாராடாங்," என்றார் உதுமான். "எங்கிட்ட விலாசமே இருக்கு மேடம்."

படம் வாங்கக் கடைக்கு வந்துபோன வசந்தகுமாரியை அடையாளம் சொல்ல ஒருவர் வேண்டும் என்று சித்ரா உதுமானையும் உடன் வரச் சொன்னாள். சாலை வழிதானே என்று அவரும் சம்மதித்தார். விடிந்ததும் பஸ் பிடித்து, காட்டுப்பாதையில் மற்ற வண்டிகளோடு வரிசையாகப் போய், ஜலசந்தியில் பஸ்ஸோடு ஃபெர்ரியில் ஏறி, பாராடாங்கில் இறங்கினார்கள். ஃபெர்ரியில் பத்து நிமிஷம்தான். அதற்கே உதுமான் கண்ணை மூடிக்கொண்டு ஓதினார்.

மரம் இழுக்கும் வனத்துறை யானைகளைக் கட்டிவைக்கிற யானை டிப்போ பூட்டிக் கிடந்தது. எதிரில் டீக்கடை வைத்திருந்த முருகையாவிடம் விசாரித்தார்கள்.

"பொன்னுத்துரையா? அவரு யானைப்பாகனுக்கு உதவி ஆளாச்சே. யானைக்கு லாங் ஐலண்டுக்கு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு பாய். பின்னாலயே அவருக்கும் வந்துச்சு. யானை மோகினி போனா அவரும் போகணும், இல்லாட்டி அது திங்காது."

"லாங் ஐலண்டுக்கு எப்படிப் போறது?" என்றாள் சித்ரா.

"ரங்கத் போயி போட்டு ஏறணும். ஒரு மணி நேரம் இருக்கும்."

உதுமான் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்க போயிட்டு வாங்க மேடம். நான் இங்கனயே இருக்குறேன்."

"பாய், எனக்கு அவங்க முகம் தெரியாதே."

"போட்டோ இருக்குல்ல."

"போட்டோல இருக்கிறது நாலு வருஷத்துக்கு முந்தின முகம்."

அவர் வந்தார். படகில் மூன்று தடவை வாந்தி எடுத்தார். பக்கத்தில் இருந்த தெலுங்குக்காரர் ஒருவர் எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்து, கரை வரும் வரை அவர் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தார். லாங் ஐலண்ட் ஜெட்டியில் கால் வைத்ததும் உதுமான் அப்படியே கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். தரை இன்னும் ஆடுவது போல இருந்தது.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. யானைக்காரர் வீடு என்றால் எல்லாருக்கும் தெரிந்தது. வாசலில் ஒரு பெண் வலையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்தாள். உதுமான் பார்த்ததும் தலையசைத்தார். அவள்தான்.

அந்நியர்களைக் கண்ட வசந்தகுமாரி எழுந்திருக்கவில்லை. "கையெழுத்து வாங்க வந்திருக்கீங்களா? ரெண்டு தடவை போர்ட் பிளேருக்கு வந்து லிஸ்டு பூராப் பார்த்துட்டேன். எங்கக்கா பேரு இல்ல, மச்சான் பேரு இல்ல, பிள்ளை பேரு இல்ல. செத்துட்டாங்கன்னு போட மாட்டேன். போங்க."

பிள்ளையின் பெயர் தங்கம்மாவின் பெயருக்குக் கீழே ஒளிந்திருந்ததை அவள் எப்படி அறிவாள்?

சித்ரா, போன வாரம் உதுமான் எடுத்த படத்தை நீட்டினாள். மூலையில் உட்கார்ந்து பென்சில் அடுக்கும் ருக்கு. வசந்தகுமாரி மீன் கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். பென்சில் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"கை நேராயிருச்சு" என்றாள். அப்புறம்தான் அழுதாள். அக்காவைப் பற்றி அவளாகக் கேட்கவில்லை. சித்ரா பக்கத்தில் உட்கார்ந்து, தெரிந்ததை மெதுவாகச் சொன்னாள்.

அன்றைக்கே, அதே படகில், தான் வந்து பிள்ளையைக் கூட்டிவருவதாக வசந்தகுமாரி துணி எடுத்து வைத்தாள். அதற்குக் கொஞ்சம் நடைமுறை இருக்கிறது, அதிகாரிகள் காகிதம் பார்க்க வேண்டும், பிள்ளையிடமும் கேட்க வேண்டும் என்றாள் சித்ரா.

"நான் அவ சித்தி. எனக்கு எதுக்குப் பேப்பரு?"

"உங்களுக்காக இல்லக்கா. நாளைக்கு வேற யாராவது வந்து நானும் சித்திதான்னு கையைப் பிடிச்சா, தடுக்கிறதுக்கு."

வசந்தகுமாரி யோசித்தாள். "அப்படின்னா சரி. நல்லாவே பாருங்க" என்றாள்.

காகிதத்துக்கு மூன்று வாரம் ஆயிற்று. உறவுக்கு அத்தாட்சி என்ன என்று அதிகாரி கேட்டபோது, பனிமலைக்கு முன்னால் மூவரும் நிற்கிற படம்தான் மேசைக்குப் போனது. அவர் கண்ணாடியைக் கழற்றி, படத்தைப் பார்த்து, எதிரில் நின்ற இருவரையும் பார்த்து, முத்திரை குத்தினார்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. சித்தி முதலில் வந்தபோது ருக்கு தங்கம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். இரண்டாம் தடவை பேசினாள். மூன்றாம் தடவை மடியில் உட்கார்ந்தாள். ஆனால் போகலாமா என்று சித்ரா கேட்டதும், "தங்கம்மா அத்தை தனியா இருப்பாங்களே" என்றாள்.

"நீ போ தாயி," என்றாள் தங்கம்மா. "எனக்கென்ன, கச்சால்ல தகரக் கொட்டாய் போட்டுத் தர்றாங்களாம், போயிக்கிறேன்." சொல்லிவிட்டு, மடித்த துணியையே மறுபடி உதறி மடித்துக்கொண்டிருந்தாள்.

வசந்தகுமாரி இரண்டு பேரையும் பார்த்தாள். "அந்தக் கடலுக்கு எதுக்குத் திரும்பிப் போறீங்க அக்கா? ஒரு மாசம் எங்ககூட இருந்துட்டுப் போங்க. மோகினிக்கு இலை வெட்டவே எனக்கு ஆள் பத்தல."

ஒரு மாதத்துக்கென்று போன தங்கம்மா பிறகு அங்கேயே இருந்துவிட்டாள்.

ஐஸ் மலைக் கடையில் செத்தவர்கள் படம் கிடைக்கிறது என்ற பேச்சு முகாம்களில் பரவியது. ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உதுமான் மத்தியானத்துக்குப் பிறகு கடையை மூடிவிட்டு வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ரஷீதா எதிரில். வந்தவர்களுக்கு டீ. சித்ரா அவள் அமைப்பிலிருந்து கம்ப்யூட்டரும் ஸ்கேனரும் கொண்டுவந்து கொடுத்தாள். நெகட்டிவ்களைத் தீவு வாரியாகப் பிரித்தார்கள். அறுபத்தொரு முகங்கள் கிடைத்தன. அதில் பாதிக்குமேல் போனது பிள்ளைகளின் கைக்கு.

எல்லாருக்கும் கிடைக்கவில்லை. காத்தமுத்து என்ற தோட்டத் தொழிலாளி தன் மகன் படத்துக்காக நான்கு தடவை வந்தார். பையனுக்கு ஐந்து வயது. அவனை அவர் எந்த ஸ்டூடியோவுக்கும் கூட்டிப்போனதில்லை, அது அவருக்கும் தெரியும். யாருடைய படத்திலாவது ஓரத்தில் நின்றிருப்பானோ என்ற நப்பாசைதான். உதுமான் கடைசி டப்பா வரை பார்த்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டே இல்லையென்றார்.

"தேடுனீங்கல்ல பாய். வேற யாரு தேடுனா?" என்றார் காத்தமுத்து. அதன் பின் நகரத்துக்கு வரும்போதெல்லாம் கடைக்கு வந்து அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவார். உதுமான் அவருக்கு ஒரு டீ சொல்லுவார்.

மஞ்சள் கூடாரத்தை ஆறு மாதத்தில் பிரித்தார்கள். ஆனால் சித்ரா நான்கு வருஷம் தீவுகளில் இருந்தாள். ஆறு மாதத்துக்கொரு தடவை லாங் ஐலண்டுக்குப் போய், ருக்கு பள்ளிக்கூடம் போகிறாளா, சாப்பிடுகிறாளா என்று பார்ப்பாள். முதல் ஒரு வருஷம் ருக்கு ஜெட்டிப் பக்கமே வரமாட்டாள். கடலைக் கண்டால் யானைக் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்வாள். அங்கே மோகினியின் வயிற்றுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கும் இடம் உண்டு. யாரும் அவளை இழுக்கவில்லை. இரண்டாம் வருஷம் ஒரு மழை நாளில், சித்ரா படகிலிருந்து இறங்கியபோது, ஜெட்டி நுனியில் குடையோடு நின்றவள் ருக்கு.

"அக்கா, கணக்குல தொண்ணூறு" என்றாள் முதல் பேச்சாக.

2014இல் அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்து போர்ட் பிளேருக்கு வந்தாள். ஹாஸ்டல் சாப்பாடு சரியில்லை என்று ரஷீதாவே போய்க் கூட்டிவந்து, வீட்டில் ஓர் அறையைக் காலிபண்ணிக் கொடுத்தாள். காலையில் இருவருக்கும் குளியலறைக்குச் சண்டை, மாலையில் ஒரே தட்டில் பஜ்ஜி. உதுமான் இதில் தலையிடுவதில்லை.

ஒவ்வொரு படகிலும் தங்கம்மா ஒரு கருவாட்டுப் பொட்டலம் அனுப்பிவைப்பாள். படிக்கட்டு முழுக்க நாறுகிறது என்று ரஷீதா முணுமுணுப்பாள், உடனே புளியைக் கரைப்பாள். கொதி வந்த சற்று நேரத்தில் கீழ்வீட்டு மலையாளி வாத்தியார் ஏதோ சந்தேகம் கேட்பதுபோல மேலே வருவார். ருக்கு ஒன்றும் கேட்காமல் இன்னொரு தட்டை எடுத்து வைப்பாள்.